உருவம் பழையது, உயிர் புதியது



வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆயின், மனிதன் கையாளும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஏர், ஏற்றம், செக்கு, தறி, வண்டி ஆகிய ஒவ்வொன்றும் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எதனால் மறைந்தது என ஆராய்வதும் வரலாற்று மாணவனின் கடமையேயாம். அக்கருவிகளுள் ஒன்றாகிய மோட்டார் வண்டியைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். வண்டியின் பழைய தோற்றத்தைச் சிதைக்காமல் அதன் எஞ்சினை மட்டும் புதுப்பிக்கும் முயற்சி நம் நாட்டில் எவ்வாறு நடந்தது, அதனால் விளைந்தது என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

இம்முயற்சி மோட்டார் வண்டியோடு தோன்றியதன்று. எங்கள் கச்சிராயபாளையத்துப் பக்கத்தில் கரும்பு வெட்டும் பருவத்தில் டயர் வண்டிகளைக் காணலாம். டிராக்டர்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் அவை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவற்றை உற்று நோக்குங்கள். நுகத்தடி பழைய நுகத்தடியே, ஏர்க்கால் பழைய ஏர்க்காலே, இழுப்பனவும் காளைகளே. ஆனால், ஆரக்கால்களும் இரும்புப் பட்டையும் கொண்ட மரச்சக்கரம் போய், காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் வந்திருக்கிறது. அச்சிலே பேரிங் ஏறியிருக்கிறது. அதனால் அதே இணைக் காளைகள் முன்னினும் மிகுந்த பாரத்தை முன்னினும் எளிதாக இழுக்கின்றன. வண்டியின் உருவம் மாறவில்லை, ஆற்றல் மாறிவிட்டது. உழவர்கள் இதனை எந்த நூலிலும் படித்துச் செய்யவில்லை. தேவையே அவர்களுக்கு ஆசிரியராயிற்று.

இனி, மோட்டார் வண்டிக்கு வருவோம். இந்திய நாட்டின் வண்டி வரலாற்றில் மூன்று வண்டிகள் இப்பொருளுக்கு நல்ல சான்றுகளாக நிற்கின்றன. ஒன்று வங்காளத்தில் உருவான அம்பாசிடர். மற்றொன்று சென்னையை அடுத்து உருவான ஸ்டாண்டர்டு 2000. மூன்றாவது, திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிள். இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால், மாறாமல் கிடப்பது வேறு, மாறாமல் காப்பது வேறு என்னும் உண்மை தெளிவாகும்.

முதலில் அம்பாசிடரின் கதையைக் காண்போம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942ஆம் ஆண்டு தோன்றியது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய அதன் பணி, நாடு விடுதலை பெற்றபின் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவுக்கு மாறியது. இங்கிலாந்து நாட்டு மோரிஸ் கார்களை அந்நிறுவனம் உரிமம் பெற்று இங்கே செய்து வந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரின் மூன்றாம் வரிசை 1956இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் உருவமே 1957இல் அம்பாசிடர் என்னும் பெயருடன் இந்தியச் சாலைகளுக்கு வந்தது. உருண்டு திரண்ட கூரை, அகன்ற முன்மூக்கு, வட்டமான இரு விளக்குகள் என்னும் அத்தோற்றம் ஏறத்தாழ 57 ஆண்டுகள் நிலைத்தது.

அவ்வுருவத்தின் உள்ளே இருந்த எஞ்சின் மட்டும் பலமுறை மாறியது. முதல் எஞ்சின் 1,476 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய பக்கவால்வு எஞ்சின். இதன் பொருளை மாணவர்கள் தெளிவாக அறிதல் வேண்டும். எஞ்சினின் உருளைக்குள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன. அக்கலவையை உள்ளே விடுவதற்கும் எரிந்த புகையை வெளியேற்றுவதற்கும் உள்ள கதவுகளே வால்வுகள். பக்கவால்வு எஞ்சினில் இக்கதவுகள் உருளைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆதலின், கலவை வளைந்து நெளிந்து உள்ளே நுழையவேண்டும். எரியும் இடமும் அகன்று பரந்து கிடப்பதால் கலவையை நன்கு அழுத்த இயலாது. மேல்வால்வு எஞ்சினிலோ கதவுகள் உருளையின் தலைக்கு மேலேயே அமைந்திருக்கும். கலவை தங்கு தடையின்றி இறங்கும். நன்கு அழுத்தப்பட்டு முழுமையாக எரியும்.

1959ஆம் ஆண்டளவில் அம்பாசிடருக்கு 1,489 கன சென்டிமீட்டர் மேல்வால்வு எஞ்சின் பொருத்தப்பட்டது. பழைய எஞ்சினுக்கும் இதற்கும் கொள்ளளவில் உள்ள வேற்றுமை 13 கன சென்டிமீட்டரே. ஏறத்தாழ இரண்டரைத் தேக்கரண்டி நீர், அவ்வளவே. ஆயினும், சுவாசிக்கும் முறை சீர்பட்டமையால் வண்டியின் ஓட்டமே வேறாயிற்று. அளவைப் பெருக்குவதனால் மட்டும் ஆற்றல் வருவதில்லை. அமைப்பைத் திருத்துவதனாலும் வரும் என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னர் 1980ஐ ஒட்டிய காலத்தில் 37 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் வந்தது. வேகம் குறைவெனினும், எரிபொருட் செலவு குறைந்தமையால் வாடகைக் கார் ஓட்டுவோர் அதனை விரும்பி வாங்கினர். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசூசு நிறுவனத்தின் வடிவமைப்பில் உருவான 1,817 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர்களோடு அப்பழைய உடலுக்குள் குடியேறியது. 55 குதிரைத்திறன் 75 ஆக உயர்ந்தது. முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக்கும் வந்தது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அது பழைய அம்பாசிடராகவே காட்சியளித்தது. ஓட்டியவர்களே உள்ளிருந்த புதுமையை உணர்ந்தனர்.

இத்துணை மாற்றம் செய்தும் அவ்வண்டி ஏன் நிலைக்கவில்லை? இங்கேதான் வரலாற்று மாணவன் சற்று நின்று சிந்திக்கவேண்டும். அம்பாசிடரின் தோற்றம் நெடுங்காலம் மாறாமல் இருந்ததற்குக் காரணம், அதன்மீது கொண்ட பற்று மட்டுமன்று. அக்காலத்தில் கார் செய்வதற்கு அரசின் உரிமம் வேண்டும். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வாங்குவோர் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். போட்டி இல்லாத இடத்தில் புதுமைக்குத் தூண்டுதல் ஏது? கதவு சரிவரப் பொருந்தாமை, துரு ஏறுதல், நீர் கசிதல் முதலிய குறைகள் களையப்படாமலே தொடர்ந்தன. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோது மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 20,000க்கும் மேல் விற்ற அம்பாசிடர், 2014 மார்ச்சில் முடிந்த ஆண்டில் ஏறத்தாழ 2,200 மட்டுமே விற்றது. அவ்வாண்டு மே மாதம் உத்தரபாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. அப்பெயரின் உரிமையை 2017இல் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. நல்ல எஞ்சின் உள்ளே வந்தபோதும், அதனைச் சுற்றியிருந்த உடல் அதற்கேற்பப் பேணப்படவில்லை.

இதற்கு நேர்மாறான கதை சென்னையை அடுத்த வண்டலூரை ஒட்டி நிகழ்ந்தது. அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வான்கார்டு, ஹெரால்டு முதலிய கார்களைச் செய்து வந்தது. 1961 முதல் வெளிவந்த ஹெரால்டு கார் தமிழ்நாட்டு மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் பலரின் வீட்டு வாசலில் நின்ற வண்டி. அந்நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் புதிய காரை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்னும் காரின் உடல். ரோவர் 1977ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்றது. கண்டோர் வியக்கும் அழகு அதற்கு உண்டு. ஆனால், அந்த அழகிய உடலுக்குள் வைக்கப்பட்டது யாது? 1940களில் வான்கார்டு காருக்காக வரையப்பட்ட எஞ்சினின் வழிவந்த 1,991 கன சென்டிமீட்டர் எஞ்சின்! ரோவர் காரில் ஆறும் எட்டுமான உருளைகளைக் கொண்ட வலிய எஞ்சின்கள் இழுத்த எடையை, இங்கே நான்கு உருளைகளைக் கொண்ட முதிய எஞ்சின் இழுக்கவேண்டியதாயிற்று. விலையோ மிகுதி, எரிபொருட் செலவோ அதனினும் மிகுதி. சில ஆண்டுகளில் அக்காரின் உற்பத்தி நின்றது. கார் செய்யும் தொழிலில் அந்நிறுவனத்தின் வாழ்வும் அதனோடு முடிந்தது.

ஒன்றில் முகம் பழையது, உள்ளே புதியது. மற்றொன்றில் முகம் புதியது, உள்ளே பழையது. இரண்டும் வீழ்ந்தன. அங்ஙனமாயின் பழைய தோற்றத்தைக் காத்துக்கொண்டே வாழ்ந்த வண்டி எதுவும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அது நம் தமிழ்நாட்டிலேயே உண்டு.

ராயல் என்பீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் தோன்றிய நிறுவனம். 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்னும் பெயர் 1930களில் எழுந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய இராணுவம் 800 புல்லட் வண்டிகளுக்கு ஆணையிட்டது. அதனைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் இணைந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் உறுப்புகள் யாவும் இங்கேயே செய்யப்பட்டன. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. இங்கிலாந்தில் தாய் மறைந்தாள். சென்னையில் மகள் வாழ்ந்தாள். பின்னாளில் அவ்வண்டி பிறந்த நாட்டிற்கே இங்கிருந்து கப்பலேறியது.

அதன் பழைய எஞ்சினைச் சிறிது ஆராய்வோம். உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். அதனுள்ளே பிஸ்டன் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கி நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 346 கன சென்டிமீட்டர் கிடைக்கும். விட்டத்தைவிட வீச்சு நெடிதாயிருப்பதால் இதனை நெடுவீச்சு எஞ்சின் என்பர். அது விரைந்து சுழலாது. ஆனால், மெல்லச் சுழலும்போதே வலுவாக இழுக்கும். கனத்த சுழல்சக்கரம் அதற்குத் துணை நிற்கும். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் வளைவுகளில், முடுக்கி விரட்டாமலே இவ்வண்டி தாளம் தவறாமல் ஏறும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழும். அவ்வொலியே அதன் அடையாளமாயிற்று.

ஆயினும், குறைகள் இல்லாமலில்லை. வார்ப்பிரும்பு உருளை வெப்பத்தை விரைவில் வெளிவிடாது. எஞ்சின் ஒரு கூட்டிலும் கியர்ப்பெட்டி வேறொரு கூட்டிலும் இருந்தமையால் எண்ணெய் கசியும். பிளாட்டின முனைகளை அடிக்கடி சரிசெய்யவேண்டும். 1990களில் எய்ச்சர் நிறுவனம் இதனை ஏற்றது. 2000ஆம் ஆண்டளவில் இத்தொழிலை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்னும் எண்ணம் எழுந்தது. அதே காலத்தில் புகை பற்றிய அரசின் விதிகளும் ஆண்டுக்காண்டு கடுமையாயின. பழைய எஞ்சின் இனி நிலைக்காது என்பது உறுதியாயிற்று.

அப்போது அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விதான் முதன்மையானது. இவ்வண்டியில் எதை மாற்றினால் வண்டி வாழும்? எதை மாற்றினால் வண்டி வேறாகிவிடும்? கண்ணீர்த்துளி போன்ற பெட்ரோல் தொட்டி, அதன்மீது கையால் தீட்டிய பொற்கோடு, குளிர்விக்கும் துடுப்புகள் அடுக்கிய ஒற்றை உருளை, முன்விளக்கின் மேலமைந்த இமை, நிதானமான ஒலி ஆகியவை காக்கவேண்டியவை. உலோகமும் எண்ணெய்ச் சுற்றும் தீப்பொறி தோன்றும் முறையும் மாற்றவேண்டியவை.

இம்மாற்றமும் ஒரே நாளில் நிகழவில்லை. 1990களின் இறுதியில் ஆஸ்திரிய நாட்டு ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு அலுமினிய எஞ்சின் ஒன்று உருவாயிற்று. பின்னர் 2008 தொடங்கி, எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் படிப்படியாக எல்லா வண்டிகளுக்கும் வந்தது. அதிலும் அதே 70 மில்லிமீட்டர் விட்டம், அதே 90 மில்லிமீட்டர் வீச்சு! உள்ளே யாவும் மாறியும் உயிர்த்துடிப்பின் அளவை மாற்றாமல் காத்தனர். வெளிமூடிகளின் வளைவுகள் பழைய எஞ்சினை நினைவூட்டின. 2020இல் கார்புரேட்டர் விடைபெற்றது. அளந்து பீய்ச்சும் மின்னணு முறை வந்தது. அடுத்து, இங்கிலாந்திலும் சென்னையிலும் உள்ள ஆய்வு நிலையங்களில் உருவான 349 கன சென்டிமீட்டர் எஞ்சின் 2021இல் கிளாசிக் வண்டிக்கும் 2023இல் புல்லட்டுக்கும் வந்தது. இதில் விட்டம் 72 மில்லிமீட்டர், வீச்சு 85.8 மில்லிமீட்டர். அதிர்வைத் தணிக்கும் சமன்தண்டு ஒன்றும் உள்ளே சுழல்கிறது. ஆனால், பத்தடி தள்ளி நின்று நோக்குபவர் அதனைப் புல்லட் என்றே அழைப்பார்.

இதனால் இழந்தது ஒன்றுமில்லை என்று நான் கூறமாட்டேன். பழைய புல்லட்டைக் கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ உள்ள ஒரு சிறு பட்டறையில், சில திருப்புளிகளையும் காதின் நுட்பத்தையும் கொண்டே பிரித்துப் பூட்டிவிடுவார்கள். புதிய வண்டியின் நோயை அறியக் கணிப்பொறி வேண்டும். ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் கைத்திறன் இம்மாற்றத்தால் மதிப்பிழந்தது. தூய காற்றும் குறைந்த பழுதும் நமக்குக் கிடைத்தன. அதற்கு நாம் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. ஆதாயத்தையும் இழப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதே வரலாற்று நோக்கு.

இதுகாறும் கூறியது தொழிற்சாலைகளின் வரலாறு. இனி, வீட்டிலே ஒரு பழைய காரை வைத்திருப்பவரின் நிலை யாது? தாத்தா காலத்துக் காரின் தோற்றம் வேண்டும். ஆனால், அது வழியில் நின்றுவிடவும் கூடாது. இவ்விருப்பத்தில் தவறில்லை. இதனை நிறைவேற்ற வழிகளும் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்த ஈயமே பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயாமல் காத்துவந்தது. ஆதலால், பழுது பார்க்கும்போது கடினப்படுத்திய புதிய இருக்கைகளை உள்ளே பதிக்கிறார்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்களை நீக்கி, எத்தனாலைத் தாங்கும் குழாய்களை இடுகிறார்கள். பழைய டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள்ளேயே மின்னணுத் தீப்பொறி அமைப்பைப் பொருத்துகிறார்கள். மூடியைத் திறந்தாலன்றி எவர்க்கும் தெரியாது.

எஞ்சினையே முழுதும் மாற்றுவது வேறு. வலிய எஞ்சினை வைத்தால் ரேடியேட்டர் அவ்வெப்பத்தைத் தாங்கவேண்டும். கியர்ப்பெட்டியும் பின்அச்சும் அந்த இழுவையைத் தாங்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பிரேக் அந்த வேகத்தை நிறுத்தவேண்டும். விரையத் தெரிந்து நிற்கத் தெரியாத வண்டி தனக்கும் பிறர்க்கும் கேடு. மேலும், எஞ்சினை மாற்றுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, பதிவுச் சான்றில் அதனைக் குறித்தல் சட்டப்படி கடமை.

இன்னொரு செய்தியும் நினைவில் வைக்கத் தக்கது. 2021ஆம் ஆண்டு நடுவணரசு பழமை வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. 50 ஆண்டுகள் கடந்த, வணிகத்திற்குப் பயன்படாத, மூல வடிவிலேயே பேணப்பட்ட இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அவ்விதியின்கீழ் வரும். அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்பட்டிருந்தால் அச்சிறப்பு இல்லை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டுகள் செல்லும். அத்தகைய வண்டியைக் கண்காட்சி, பேரணி முதலியவற்றிற்குக் கொண்டு செல்லலாம். நாள்தோறும் ஓட்டுதல் கூடாது. ஆகவே, முகம் மட்டும் பழையதாக இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது பழமை வண்டியாகாது. பழமை வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஏற்ற தூரின் பட்டயமும், மாற்றம் தவிர்க்க இயலாததாயின் அது மீண்டும் மூலநிலைக்குத் திருப்பத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்துகிறது. கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பாமல் எண்ணெய் தடவிப் போற்றி வைப்பவர், வருங்கால ஆராய்ச்சியாளனுக்கு ஒரு சுவடியைக் காத்தவராவார்.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? அம்பாசிடரின் முகம் மாறாமல் இருந்தது. மாற்றவேண்டிய கட்டாயம் நெடுங்காலம் எழாததே அதற்குப் பெருங்காரணம். புல்லட்டின் முகம் மாறாமல் இருக்கிறது. அதனைக் காக்கவேண்டும் என்று சிலர் எண்ணி உழைத்ததே காரணம். ஸ்டாண்டர்டு 2000 காரோ உள்ளத்தைத் திருத்தாமல் உடையை மட்டும் மாற்றியது. பழமையைப் போற்றுவோர் அதற்காக உழைக்கவும் வேண்டும். புதுமையை நாடுவோர் எதனைக் காப்பது என்று முதலில் தெளியவும் வேண்டும்.

இவ்வுண்மை வண்டிகளுக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்ப் பள்ளிக்கட்டடம், ஏரியின் மதகு, கைத்தறி, நாம் பேசும் மொழி ஆகிய எல்லாவற்றிற்கும் இது பொருந்தும். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றுக்குச் சென்று, பிரித்து வைத்திருக்கும் பழைய எஞ்சின் ஒன்றைக் காணுங்கள். எந்த உறுப்பு மூலத்தது, எது பின்னர் வந்தது, ஏன் வந்தது என்று அங்குள்ள பெரியவரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்வெட்டைப் படிப்பதற்கு ஒப்பான வரலாற்றுப் பயிற்சி அதுவேயாகும்.